வல்லிநாயகத்தின் பத்தொன்பது நிமிஷம்

தென்காசி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு மோட்டார் ரிப்பேர் செய்துவந்த வல்லிநாயகம், வண்டி கொண்டுவந்தவர்களில் நான்கு பேரை ஸ்பானரால் அடித்திருக்கிறார். நான்கு பேரும் செய்த குற்றம் ஒன்றுதான்: வேலை சரியில்லை என்றார்கள். கூலி கொடுக்காமல் போனவர்களைக்கூட அவர் விட்டுவிடுவார். வேலையைக் குறை சொன்னால் மண்டை உடையும். உடைந்த மண்டையோடு போனவர்களும், அடுத்த தடவை வண்டி நின்றால் அவரிடமே தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவரைவிடக் கெட்டிக்காரர் அந்தப் பக்கத்தில் இல்லை என்பது அடி வாங்கியவர்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது.

ஐந்தாவது ஆள் விஷயத்தில் கணக்குத் தவறியது. கீழப்பாவூர் சுந்தரபாண்டியனுக்கு நிலம், நெல், ஆள்படை எல்லாம் உண்டு. யுத்தகாலப் பெட்ரோல் கட்டுப்பாட்டில், பின்புறம் கரி அடுப்பு பொருத்தி, கரி வாயுவில் ஓடும் கார் ஒன்றும் உண்டு. கரி நனைந்திருக்கிறது, காயப்போட்டுத்தான் உபயோகிக்க வேண்டும் என்று, காரைப் பழுதுபார்த்த வல்லிநாயகம் சொல்லி அனுப்பியிருந்தார். யாரும் காயப்போடவில்லை. 1946 தை மாதம், மகளை மறுவீடு அழைத்துப் போகும்போது, சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, கார் நடுரோட்டில் இருமிவிட்டு நின்றது.

மறுநாள் சுந்தரபாண்டியன் நான்கு ஆட்களோடு கொட்டகைக்கு வந்தார். இரண்டு பேர் வல்லிநாயகத்தின் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். அறுந்த ஃபேன் பெல்ட் ஒன்று தரையில் கிடந்தது. அதை எடுத்து, முதுகிலும் முகத்திலும் பன்னிரண்டு அடி. கேட் மூடியிருந்ததால் ரோட்டில் பத்து மாட்டு வண்டிகளும் ஒரு பஸ்ஸும் நின்றன. எல்லாரும் சௌகரியமாகப் பார்த்தார்கள்.

"வேலை தெரியாத நாயிக்கு ஸ்பானர் எதுக்குலே? போயி மாடு மேயி!" என்றார் சுந்தரபாண்டியன்.

பன்னிரண்டு அடியையும் வல்லிநாயகம் மறந்திருப்பார். அந்த முதல் வாக்கியம் மறக்கவில்லை.

அன்றிலிருந்து ஊர் காத்திருந்தது. வல்லிநாயகம் வெட்டாமல் விடமாட்டார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. என்றைக்கு என்பதில்தான் அபிப்பிராய பேதம். காலையில் டீ குடிக்கப் போனால், "இன்னுமா அண்ணாச்சி?" என்று முகம் பார்த்துக் கேட்டார்கள். சுந்தரபாண்டியன் விஷக்காய்ச்சலில் செத்தாலும் போலீஸ் வந்து நிற்கப்போவது தன் வாசலில்தான் என்று வல்லிநாயகத்துக்குப் புரிந்தது. கொல்வது சுலபம். கொன்ற நேரத்தில் வேறெங்கோ இருப்பதுதான் கஷ்டம்.

அந்த வருஷக் கடைசியில் மதுரையில் ராணுவச் சாமான்களை ஏலம் விட்டபோது ஒரு ஸ்கூட்டர் வாங்கி வந்தார். விமானத்திலிருந்து குடை விரித்துக் குதிக்கிற சிப்பாய்களுக்காகச் செய்தது. மடித்தால் ஒரு தகர டிரம்முக்குள் அடங்கும். தட்டளவு சக்கரம், பூசணிக்காயளவு என்ஜின், ஒரே கியர். தென்காசியிலிருந்து இலஞ்சிக்குப் போவதற்குள் குதிரை வண்டி அதை முந்தியது. ஊர் சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவனுக்கு இரண்டு பல் போனது.

ஆனால் கொட்டகையின் பின்கட்டில் வேறொரு வேலை நடந்தது. சிலிண்டர் மூடியின் அடியை இழைத்து இழைத்து ஒரு நூல் குறைத்தார். புகை வெளியேறும் துவாரத்தை அரத்தால் ராவி அகலப்படுத்தினார். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பீச்சும் ஜெட்டின் ஊசி முனையளவு ஓட்டையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார். பின்சக்கரத்துப் பல்சக்கரத்தை எடுத்துவிட்டு, பல் குறைந்த ஒன்றைத் தானே வெட்டி மாட்டினார். முதல் பிஸ்டன் சூட்டில் உருகிவிட்டது. இரண்டாவதும் உருகியது. பெட்ரோலில் கலந்த மட்ட ஆயில் தாங்கவில்லை என்று கண்டு, விளக்கெண்ணெய் கலந்தார். மூன்றாவது பிஸ்டன் நின்றது.

சோதனை ஓட்டமெல்லாம் சித்திரை வெயிலில், நடு மத்தியானம், ஊர் சாப்பிட்டுப் படுத்திருக்கும்போது. பழைய பல்சக்கரத்தில் குற்றாலத்திலிருந்து கீழப்பாவூர் போக முக்கால் மணி நேரம். புதியதில் இருபது நிமிஷம். வல்லிநாயகம் வாழ்நாளில் செய்த ஆக உத்தமமான வேலை அது. அதை ஒரு ஜீவனிடமும் சொல்ல முடியாது. சொன்னால் கழுத்தில் கயிறு. சாயங்காலமானால் பழைய பல்சக்கரத்தை மாட்டி, பஜாரில் ஊர்ந்து, கேலி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

குற்றாலத்தில் குளிக்க ஒரு முறை உண்டு. எண்ணெய் தேய்ப்பவனிடம் உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டு, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பிறகுதான் அருவியில் நிற்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில், கோவணத்தோடு பாறைகளில் உட்கார்ந்திருக்கும் இருநூறு பேரும் ஒரே கறுப்பாக மினுங்குவார்கள். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

1947 ஆனி மாதம், சாரல் பிடித்த ஒரு காலை, வல்லிநாயகம் செல்லப்பாவிடம் எண்ணெய் தேய்த்துக்கொண்டார். செல்லப்பா அருவிக்கரையில் இருபது வருஷமாகத் தேய்ப்பவர்.

"நல்லா ஊறட்டும். எட்டு மணிக்கு வந்து நீரே என்னைத் தண்ணிக்குள்ள தள்ளும்" என்றார் வல்லிநாயகம்.

ஏழு மணிக்குப் பாறையை விட்டு எழுந்தார். இலஞ்சி ரோட்டுத் தோப்பில் ஸ்கூட்டர் இருந்தது. எண்ணெய் மேனிமேல் மாட்டிக்கொள்ள ராணுவ மழைக்கோட்டும் தொப்பியும், கோட்டுக்குள் செருகிக்கொள்ள அரிவாளும் இருந்தன. சாரலில் புழுதி அடங்கியிருந்தது, ரோட்டில் ஆளும் இல்லை. ஏழு இருபதுக்குக் கீழப்பாவூருக்கு வெளியே, ரோட்டோரப் புளியமரத்தடியில் வண்டி நின்றது. சுந்தரபாண்டியன் தினசரி வழக்கம்போல வரப்பில் நின்று வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"யாருலே அது, மிலிட்டரியா?"

வல்லிநாயகம் தொப்பியைக் கழற்றினார். முதல் வெட்டு தோளில் விழுந்தது. எல்லாவற்றையும் யோசித்தவர் ஒன்றை யோசிக்கவில்லை: எண்ணெய்க் கையில் அரிவாள் நிற்காது. இரண்டாவது வெட்டில் கைப்பிடி வழுகி அரிவாள் சேற்றில் விழுந்தது. சுந்தரபாண்டியன் ஓடினார். வல்லிநாயகம் மண்ணை அள்ளிக் கையில் தேய்த்துக்கொண்டு, அரிவாளை எடுத்துத் துரத்தி, வாய்க்காலுக்குள் மடக்கி, கழுத்திலும் காதடியிலும் மூன்று போட்டார். ஒரு வெட்டில் முடிய வேண்டியது ஐந்தானது. வாய்க்கால் சிவந்து வயலுக்குள் பாய்ந்தது.

"வேலை தெரியுமா தெரியாதாவே? இப்பம் சொல்லும்!" என்று கேட்டார். பதில் சொல்லும் நிலையில் எதிரே யாரும் இல்லை.

எட்டு மணிக்குச் செல்லப்பா வந்தபோது வல்லிநாயகம் பாறையில் உட்கார்ந்திருந்தார். "என்ன அண்ணாச்சி, இந்தச் சாரல்லயும் வேர்க்கு?" என்று கேட்டுவிட்டு, தோளைப் பிடித்துத் தண்ணீருக்குள் தள்ளினார். அருவி எண்ணெயையும் இரத்தத்தையும் பேதம் பார்க்காமல் கழுவியது.

அன்று மத்தியானமே இழைத்த மூடி, ஜெட், பல்சக்கரம் எல்லாம் கிரீஸ் தடவிய சாக்கில் சுற்றப்பட்டு, வீட்டுக் கொல்லைச் சாணிக்குழிக்குள் போயின. போலீஸ் வந்து எடுத்துப்போனது குதிரை வண்டிக்குத் தோற்கிற பழைய ஸ்கூட்டரை. வல்லிநாயகத்தை ஸ்டேஷனில் மூன்று நாள் அடித்தார்கள். விரல் நகங்களில் இரண்டு போயின. "குளிச்சுக்கிட்டிருந்தேன்" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

கேஸ் திருநெல்வேலி செஷன்ஸில் நடந்தது. ஏழு மணிக்கு எண்ணெய் தேய்த்து முடித்ததாகவும், எட்டு மணிக்குத் தானே தண்ணீரில் தள்ளியதாகவும் செல்லப்பா சொன்னார். வாய்க்கால் பக்கம் மோட்டார் சத்தம் கேட்டதாகவும், விளக்கெண்ணெய் கருகிய வாசம் அடித்ததாகவும் ஒரு சாட்சி. "விளக்கெண்ணெய் வாசத்துக்கு வாரண்ட் போட்டால் இந்த ஜில்லாவில் ஒரு வீடு மிஞ்சுமா?" என்றார் வல்லிநாயகத்தின் வக்கீல். ஸ்கூட்டரை ஓட்டியே பார்த்துவிடலாம் என்று ஜட்ஜ் உத்தரவிட்டார்.

அருவிக்கரையிலிருந்து போலீஸ் டிரைவர் ஒருவர் ஓட்டினார். புளியமரத்தடியில், செத்தவரின் தம்பி பரமசிவன் பாக்கெட் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பரமசிவன் யார் பேச்சையும் நம்பாதவர். கடிகாரத்தை மட்டும் நம்புவார். விலங்கோடு வல்லிநாயகத்தையும் அங்கே நிறுத்தியிருந்தார்கள். வண்டி வழியில் ஒரு தடவை நின்று, இரண்டு பேர் தள்ளி, நாற்பத்தாறாவது நிமிஷம் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது.

"இதுக்கு எருமையில ஏறி வந்திருக்கலாமே!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். போலீஸ்காரர்களும் சிரித்தார்கள். வல்லிநாயகத்தின் உதட்டில் இரத்தம் வந்தது, தானே கடித்துக்கொண்டது. பயத்தில் கடிக்கிறான் என்று நினைத்தார்கள்.

கோர்ட்டில் வக்கீல் இன்னும் ஒரு படி மேலே போனார். "இந்தத் தகர டப்பாவையா, கனம் கோர்ட்டார் அவர்களே? இதைத் தொட்டுப் பழுதுபார்த்தவன் மெக்கானிக்கே அல்ல!" கூண்டுக் கம்பியைப் பிடித்திருந்த வல்லிநாயகத்தின் கைகள் வெளுத்தன. காப்பாற்றுகிற வாயை உடைக்க அவருக்கு அந்த நிமிஷம் எவ்வளவு ஆசை இருந்தது என்று வக்கீலுக்குத் தெரியாது. 1948 தை மாதம் விடுதலையானார்.

வெளியே வந்ததும் வக்கீல் காதோடு சொன்னார்: "கவர்மெண்ட் அப்பீல் போக ஆறு மாசம் தவணை இருக்கு. அதுவரைக்கும் வாயைத் திறக்காதீரும்."

"அதுக்கப்புறம் ஐயா?"

"அதுக்கப்புறம் சர்க்கார் உம்மை ஒண்ணும் செய்ய முடியாது. கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நின்னு கத்தினாலும் சரி."

வல்லிநாயகம் அதில் 'சர்க்கார்' என்ற சொல்லைக் கவனிக்கவில்லை.

பரமசிவன் நியாயஸ்தர். நாற்பத்தாறு நிமிஷம் என்று தன் கடிகாரமே சொன்ன பிறகு, வல்லிநாயகம் குற்றவாளியாக இருக்க முடியாது. அப்படியானால் அண்ணனை வெட்டியது யார்? வாய்க்கால் தண்ணீருக்காக அண்ணனோடு கைகலந்த சுடலைக்கண்ணுதான். மாசி மாதம் சுடலைக்கண்ணுவை அவன் வயலிலேயே வெட்டிப் போட்டார். வயலில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். பத்துப் பேரும் சரியாக அந்த நேரத்தில் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். கேஸ் நிற்கவில்லை. செய்தி கேட்டு வல்லிநாயகம் அன்று ஒரு வேளை சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டார்.

அவருக்கு வேறு கவலை இருந்தது. கொட்டகைக்கு வண்டி வருவது நின்றுவிட்டது. 'மெக்கானிக்கே அல்ல' என்று ஜட்ஜ் முன்னால் வக்கீலே சொன்னதை ஜில்லா முழுக்கக் கேட்டிருந்தது. பஸ் முதலாளிகள் திருநெல்வேலியிலிருந்து ஆள் கூப்பிட்டார்கள். பஜாரில் சைக்கிள் கடை வைத்திருந்த மூசா, சிநேகிதர்தான், ஒருநாள் சொன்னார்: "அண்ணாச்சி, அந்த எருமையை எனக்குத் தாரும். கடை வாசல்ல கட்டிப்போடுதேன்." மூசாவுக்கு வலது கை ஒடிந்தது.

ஆடியில் தவணை முடிந்த மறுநாள் வல்லிநாயகம் சாணிக்குழியைத் தோண்டினார். கையில் கட்டோடு இருந்த மூசாவின் கடை வாசலில் நின்று பஜாருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை காலையில சரியா எட்டு மணிக்கு அருவியில இருந்து புறப்படுதேன். கீழப்பாவூர்ப் புளியமரம் வரைக்கும். கடியாரம் வச்சிருக்கிறவன் எவனும் வரலாம்லே!"

மனைவி சந்தனமாரி இரண்டு நாள் அழுதாள். "ஓட்டணும்னா செங்கோட்டைக்கு ஓட்டுங்களேன். ஏன் அந்தச் செத்த மனுசன் ஊருக்கு?"

"எருமைன்னு சொன்னது எந்த ரோட்டுலட்டி? அந்த ரோட்டுலதான் ஓட்டணும்."

"பரமசிவன் இருக்காரே..."

"சட்டம் முடிஞ்சிபோச்சு. வக்கீல் சொல்லிட்டாரு. இனி ஒரு பய என்னைத் தொட முடியாது."

வெள்ளிக்கிழமை சாரல். அருவிக்கரையில் கூட்டம், செல்லப்பாவும் இருந்தார். எட்டு மணிக்கு ஸ்கூட்டர் கிளம்பிய வேகத்தைப் பார்த்ததும் கூட்டத்தில் முதலில் விஷயம் விளங்கியது அவருக்குத்தான். அந்த வேகத்தில் போய்வரும் நேரம் போக, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு மிச்சம் என்று மனசில் கழித்துப் பார்த்தார் போலிருக்கிறது. அன்று மேற்கொண்டு யாருக்கும் எண்ணெய் தேய்க்கவில்லை.

தென்காசி பஜார் சனம் இரண்டு பக்கமும் ஒதுங்கியது. ஒரு பஸ்ஸை முந்தினார். விளக்கெண்ணெய்ப் புகை ரோடு நெடுக நீலமாக நின்றது.

புளியமரத்தடியில் முப்பது பேர் இருந்தார்கள். முன்னால் பரமசிவன், இடது கையில் அதே பாக்கெட் கடிகாரம். வலது கையில் துண்டால் சுற்றிய ஒன்று. வல்லிநாயகம் வண்டியை நிறுத்தி, மழை வழிந்த முகத்தைத் துடைத்தார். எதிரே நிற்பவர் யார் என்று தெரிந்தது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"எத்தனை நிமிஷம் அண்ணாச்சி?"

பரமசிவன் கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார். "பத்தொம்பது."

வல்லிநாயகம் பல் தெரியச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ஊர் பார்த்ததில்லை.

"அப்போ சுடலைக்கண்ணு?" என்று கேட்டார் பரமசிவன்.

"அது உம்ம தப்பு. நான் சொன்னேனா வெட்டச் சொல்லி?"

பரமசிவனுக்குக் கையில் எண்ணெய் இல்லை. ஒரே வெட்டுத்தான். தலை சாய்ந்தபோதும் சிரிப்பு முழுசாகப் போகவில்லை என்று அங்கே நின்றவர்கள் பிறகு சொன்னார்கள். அந்தச் சமயம் முப்பது பேரும் நிமிர்ந்துதான் நின்றிருந்தார்கள். குனிந்து பறிக்கப் புளியமரத்தடியில் களை கிடையாது. பரமசிவன் அரிவாளைக் கழுவாமல் கடிகாரத்தை மட்டும் துடைத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, போலீஸ் வரும்வரை வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

ஸ்கூட்டர் சேற்றில் சாய்ந்தபடி ஓடிக்கொண்டே இருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.