ஐஸ் கம்பெனியில் படுத்திருந்த ரீஸ்லிங்

பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பங்களில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் ஒட்டிவிட்டால் அது லேசில் போகாது. காரணம் போனாலும் பெயர் போகாது. பிரதாப்புக்கு ‘மூக்கு’ என்று பெயர். பார்த்தால் எல்லோருக்கும் இருக்கிற மூக்குதான். கப்பலில் அவன் மூக்கை வைத்துத்தான் பிழைக்கிறான் என்று ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பெயர். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் தெருவில் நடந்துகொண்டே, “இந்த வூட்ல வெந்தயம் கருகிப்போச்சு”, “இது நேத்து மீனு” என்று சொல்லிவிடுவான். பெண்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். ஆனாலும் அடுத்த நாள் அவன் போகிற நேரம் பார்த்துச் சட்டியைத் திறந்து வைப்பார்கள்.

அந்த மூக்கு செத்துப்போய் நாலைந்து வருஷம் ஆகிறது. அது ஊருக்குத் தெரியாது. மனைவி மஞ்சுவுக்கும் தெரியாது என்றுதான் பிரதாப் நம்பிக்கொண்டிருந்தான்.

அவன் கப்பலுக்குப் போனது பாத்திரம் கழுவ. வெள்ளைக்காரர்கள் மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிற பெரிய உல்லாசக் கப்பல். அங்கே ஒயின் பரிமாறுகிறவர்களுக்குத் தலைவராக ரொசாரியோ என்று ஒரு கோவாக்காரர் இருந்தார். ஒருநாள் அடுக்களையில், “இந்த வெண்ணெய் ஃப்ரிட்ஜில் வெங்காயத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது” என்று பிரதாப் சொன்னதைக் கேட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வரச் சொன்னார். அன்றிலிருந்து வேறு படிப்பு. நிறத்தைப் பார்க்க வேண்டும், கண்ணாடிக் கிண்ணத்தைச் சுழற்றி மோந்து பார்க்க வேண்டும், ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்ட வேண்டும், பிறகு துப்பிவிட வேண்டும். “துப்புறதுக்குச் சம்பளமா மாமா? எங்க ஐஸ் கம்பெனில தெனம் நூறு பேரு சும்மா துப்புறான்” என்று மஞ்சுவின் தம்பி தனசேகர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பான்.

எத்தனையோ ஒயின் இருந்தாலும் பிரதாப்பின் மனது போனது ரீஸ்லிங் மேல்தான். ஜெர்மனி பக்கத்து வெள்ளைத் திராட்சை. அதிலும் இனிப்பில்லாத ரகம். பழத்தின் சர்க்கரை முழுக்கப் புளித்துத் தீர்ந்தபின் எடுப்பது. புதிதில் மோந்தால் பூ வாசனை அடிக்கும், குடித்தால் பச்சை எலுமிச்சையைக் கடித்ததுபோல் பல் கூசும். பணக்காரப் பயணிகள் முகத்தைச் சுளித்து வேறு கேட்பார்கள். ஆனால் அந்தப் புளிப்புதான் அதன் ஆயுள் என்பார் ரொசாரியோ. குளிர்ச்சியான இடத்தில், அசைக்காமல், படுக்கவைத்து வளர்த்தால் வருஷம் போகப்போக நிறம் பொன்னாகும், புளிப்பு பதமாகும். நம் வீட்டுப் பானையில் உப்புப் போட்டு அடைத்த புளி பழம்புளியாகிக் குழம்புக்கு ருசி ஏறுகிறதே, கிட்டத்தட்ட அதே கதைதான்.

கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பியபோது ரொசாரியோ ஒரு பாட்டிலை அவன் கையில் கொடுத்தார்.

“பத்து வருஷம் தொடாதே. பக்குவமானால் உங்க ஊர் வாசனை வரும்” என்றார்.

“மீன் வாசனையா சார்?”

“இல்லை. நீ சொல்வாயே, படகு இன்ஜினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றும்போது வரும் வாசனை என்று. அதுதான். அது வந்தால் ஒயின் உயிரோடு வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.”

பிரதாப் இதை ஊரில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? கிருஷ்ணாயில் என்று ஊர் சொல்கிற அந்த மண்ணெண்ணெய் பட்ட மீனை நாய்கூட முகராத ஊர் அது. மஞ்சுவின் அப்பா ஒரு தடவை வலை நிறைய இறாலோடு கரைக்கு வந்தபோது, படகில் கேன் கசிந்து அத்தனையிலும் வாடை ஏறிவிட்டது. வியாபாரி தொட மாட்டேன் என்றான். கூடை கூடையாக ஏரியிலேயே திருப்பிக் கொட்டியதைச் சின்னப் பெண்ணாக நின்று பார்த்தவள் மஞ்சு. அவளிடம் போய், மண்ணெண்ணெய் நாற்றத்துக்காகத்தான் இந்த பாட்டிலைக் காப்பாற்றுகிறேன் என்றால், மாப்பிள்ளைக்குக் கப்பலில் எங்கோ அடிபட்டிருக்கிறது என்று நினைப்பாள்.

குளிர்ச்சிக்கு எங்கே போவது? தனசேகர் ஐஸ் கம்பெனியில் ஆபரேட்டர். ஐஸ் பாளங்களை அடுக்குகிற அறைக்கு முன்னால், சாக்கும் உமியும் போட்டு வைக்கிற சின்ன அறை ஒன்று உண்டு. சித்திரை வெயிலிலும் சுவர் வேர்த்துக்கொண்டிருக்கும். அங்கே ஈரச்சாக்கில் சுற்றி, மூலையில் படுக்கவைத்தார்கள். பிரதாப் விடுமுறைக்கு வந்தால் முதலில் மாமியார் வீடு, அடுத்தது ஐஸ் கம்பெனி. “கொழந்த நல்லா தூங்குது மாமா” என்பான் தனசேகர்.

பிறகு கொரோனா வந்தது. கப்பலிலேயே காய்ச்சல். உடம்பு தேறிவிட்டது, வாசனை திரும்பவில்லை. வரும், வரும் என்று எல்லா டாக்டரும் சொன்னார்கள். பிரதாப் காலையில் எழுந்ததும் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மூக்கை நுழைப்பான். ஒரு நாள் விடாமல் செய்தான். வெறும் டப்பாதான். மோந்து பார்க்கத் தெரியாதவனுக்குக் கப்பலில் என்ன வேலை? “போதும், இனிமே குடும்பத்தோட இருக்கணும்” என்று ஊரில் சொன்னான். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று ஊர் மெச்சியது. அந்த மெச்சல்தான் அவனுக்கு ரொம்ப வலித்தது. காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கேன்டீனில் சூப்பர்வைசராகச் சேர்ந்தான். தெருவில் யாராவது சட்டியைத் திறந்து, “மூக்கு, இன்னா சொல்ற?” என்று கேட்டால், “ஜலதோஷம்க்கா” என்று நழுவிவிடுவான். உலகத்திலேயே நீளமான ஜலதோஷம் அதுதான்.

பாட்டிலுக்கும் சோதனைக்காலம். ஊரடங்கில் ஐஸ் கம்பெனி மூடிக்கிடந்தது. மிக்ஜாம் புயலில் கரன்ட் போய், அறை நாள்கணக்கில் குளிர்ச்சியில்லாமல் கிடந்தது. உள்ளே இருப்பது வளர்ந்திருக்கிறதா, செத்துக் காடியாகிவிட்டதா, யாருக்குத் தெரியும்? பிரதாப் அதைப் பற்றி நினைக்காத நாள் இல்லை. நானும் அதுவும் ஒரே நேரத்தில் அடிபட்டோம், அதுவாவது பிழைத்திருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தனசேகர் மீன் வைக்கிற தெர்மாக்கோல் பெட்டியில் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

“அந்த ரூம இடிக்கிறாங்க மாமா. இனிமே எடம் இல்ல. பத்து வருசந்தான் ஆயிடுச்சே, தொறந்துடு.”

“இரு, நீயும் ஒரு வாய் பாத்துட்டுப் போ” என்றான் பிரதாப்.

“ஐய, எனக்கு எதுக்கு? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசன? நீயே பாரு” என்று சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான்.

பிரதாப்புக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. இத்தனை வருஷம் தள்ளிப்போட்டது வாசலில் வந்து நின்றுவிட்டது. திறந்தால் உண்மை தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள அவனிடம் இருந்த ஒரே கருவி கெட்டுப்போயிருந்தது. வேறு யாரையாவது கேட்கலாம் என்றால், தன் மூக்கு போனதை முதலில் சொல்ல வேண்டும்.

பின்வாசலில் வேப்பமர நிழலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். கப்பலிலிருந்து கொண்டுவந்த நீளக்கால் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றுதான் உடையாமல் மிச்சம். கார்க்கை மெல்ல உருவி ஊற்றினான். ஒருகாலத்தில் இளநீர் நிறத்தில் இருந்தது, இப்போது நல்லெண்ணெய் மாதிரி மினுங்கியது. சுழற்றினான். மூக்கை விட்டான்.

ஒன்றும் இல்லை. காலிப் பானைக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது.

ஒரு வாய் எடுத்தான். புளிப்பு நாக்கைக் கவ்வியது. ஆனால் காடியும் புளிக்கத்தான் செய்யும். வாசனை இல்லாத நாக்குக்கு இரண்டும் ஒன்று. கண் கலங்கியதைப் புளிப்பின் மேல் பழி போட்டுத் துடைத்துக்கொண்டான்.

மஞ்சு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் விளையாட்டுப்போல் நீட்டினான். “நீ மோந்து பாரேன். சும்மா.”

“சீ போ. யாருனா பாத்தா, பொண்டாட்டிக்கு ஊத்திக் குடுக்குறான்னு பேசுவாங்க.”

“குடிக்க வேணாம். மோந்து மட்டும் பாரு.”

கையை உதறிவிட்டுக் குனிந்து மோந்தாள். புருவம் ஒரு நொடி சுருங்கிற்று. உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு, “நல்லா கீது. மல்லிப்பூ மாதிரி கீது” என்றாள்.

“மல்லிப்பூவா? வேற எதுனா?”

“வேற ஒண்ணும் இல்ல.”

“நல்லா பாரு மஞ்சு. வேற எந்த வாடையும் வரலியா?”

“இல்லனு சொல்றேன்ல. மல்லிப்பூதான்” என்று அழுத்திச் சொல்லிவிட்டுப் பாத்திரத்துக்குத் திரும்பினாள்.

அவ்வளவுதான். பிறந்த வருஷம் இருந்த பூ வாசனையே இன்னும் இருக்கிறது என்றால் பத்து வருஷமும் வீண். வளரவே இல்லை. பாடம்பண்ணின உடம்பைப் போல ஐஸ் அறையில் கிடந்திருக்கிறது. பிரதாப் கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து வேலியோரம் போய், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல் பாட்டிலைக் கவிழ்த்தான். மஞ்சு பார்த்தாள், தடுக்கவில்லை. கிளக் கிளக்கென்று பொன்னிறத்தில் மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது.

“எவண்டா அவன் கிருஷ்ணாயில ஊத்துறது?”

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சூசையம்மாளின் குரல். பக்கத்து வீட்டுக்காரி, கருவாடு போட்டு விற்பவள். வேலியோரமாக வலையை விரித்துக் காரப்பொடி என்கிற சின்ன மீனைக் காயப்போட்டிருந்தாள்.

“எம்மீனு காயுது, கண்ணு தெரியல? இந்த நாத்தம் ஏறுச்சுனா எவன் வாங்குவான்?”

பிரதாப்பின் கை தானாக பாட்டிலை நிமிர்த்தியது. “அக்கா, இன்னா சொன்ன?”

“கிருஷ்ணாயிலுனு சொன்னேன். அந்த பாட்லுதான?”

“அக்கா, நல்லா மோந்து பாத்துச் சொல்லுக்கா.” வேலிக்கு மேலாக பாட்டிலை நீட்டினான்.

சூசையம்மாள் மோந்துவிட்டுத் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். “ஐயே. கிருஷ்ணாயிலேதான். ஏன், எனக்கு இன்னா மூக்கு இல்லியா?”

பிரதாப் சிரித்தான். சிரிப்பு எங்கேயோ போய் அழுகையில் இடறி மறுபடி சிரிப்பாக வந்தது. பாட்டிலில் பாதிக்குக் கொஞ்சம் கீழே மிச்சம் இருந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். “மூக்குக்குப் பகல்லயே ஏறிக்கிச்சு” என்று முணுமுணுத்துக்கொண்டே சூசையம்மாள் மீனைத் தள்ளிப் போட்டாள்.

மஞ்சு ஓடி வந்தாள். “கோச்சுக்காதயா. தனசேகரு அந்த ரூம்ல கேன வெச்சு வாட ஏத்திட்டான்னு நெனச்சேன். பத்து வருசமா காத்துக்கினு இருந்தியே, கெட்டுப்போச்சுனு எப்படிச் சொல்றது? உனக்குத்தான் தெரியப்போறதில்லையே, மல்லிப்பூனு சொல்லிட்டா போச்சுனு...”

“எனக்குத் தெரியப்போறதில்லனா?”

மஞ்சு தரையைப் பார்த்தாள். “மூக்கு வேல செய்யலனு எனக்குத் தெரியாதா இன்னா? அன்னிக்கு கேஸ் தொறந்துக்கினு வூடே நாறுது, நீ பக்கத்துல உக்காந்து பேப்பர் படிக்கிற. நீயா சொல்லுவனு இருந்தேன்.”

இத்தனை காலம் அவன் மறைத்ததை அவளும் சேர்ந்து மறைத்திருக்கிறாள். பிறகு ரொசாரியோ சொன்னதையெல்லாம் சொன்னான். மஞ்சு வாயில் கைவைத்துக்கொண்டாள்.

“அந்த நாத்தம் வந்தாதான் நல்லதா? அடப்பாவி, மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? பாதிய மண்ணுல ஊத்திட்டியே!”

“நீ மல்லிப்பூனு சொன்ன.”

“நீ ஜலதோஷம்னு சொன்ன.”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்போது மஞ்சுவுக்குத் திடீரென்று ஏதோ உறைத்தது.

“இரு, இரு. அப்போ இவ்ளோ வருசமா எங்கொழம்பு சூப்பரு, எறா தொக்கு சூப்பருனு தின்னியே? அதெல்லாமும் பொய்யா?”

“காரமும் புளியும் நாக்குல தெரியும் மஞ்சு” என்றான் பிரதாப். “மீதிய ஞாபகத்துலேர்ந்து எடுத்துப் போட்டுக்கினுதான் சாப்ட்டேன்.”

மஞ்சு முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கிண்ணத்தில் அவளே கொஞ்சம் ஊற்றினாள். யார் பார்த்தால் என்ன என்பதுபோல் மூக்கை நன்றாக உள்ளே விட்டு நிதானமாக மோந்தாள்.

“கண்ண மூடு. ஒண்ணொண்ணா சொல்றேன், நீ எடுத்துப் போட்டுக்க. மொதல்ல கிருஷ்ணாயிலு. அப்பால... இரு, அவசரப்படாத... ஊறுகா ஜாடிய வெயில்லேர்ந்து எடுத்துத் தொறந்தா வருமே, அந்த எலுமிச்ச. அதுக்கும் அடீல தேன் கீது. நெஜமாதான் சொல்றேன், தேனு.”

கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தாள். பிரதாப் கண்ணைத் திறக்காமலே ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினான். துப்பவில்லை.