மாமா திருடிய பேச்சு

ஒரு சிறுமி மேடையேறி, தான் கண்ணாலும் காணாத நூல்களைப் புகழ்ந்து, எழுதிக் கொடுத்தவர் சொன்ன இடத்தில் கையை உயர்த்தும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. எங்கள் பக்கத்தில் பேச்சுப்போட்டி என்றால் அதுதான் முறை: பெரியவர் எழுதுவார், பிள்ளை பாடமாக்கும். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எங்கள் தெருவில் அந்தப் பெரியவர் என் மாமா, அம்மாவின் தம்பி.

நான் ஐந்தாம் ஆண்டில் படித்தபோது ஆண்டிறுதி விழாவுக்குத் தந்த தலைப்பு, 'இவ்வாண்டு நான் வாசித்தவை, கேட்டவை, பார்த்தவை'. மாமா எழுதித் தந்த தாள்களில் காவியங்கள் நிறைந்து வழிந்தன.

"மாமா, இதில ஒண்டையும் நான் வாசிக்கேல்லையே."

"பரிசு தாறவையும் வாசிக்கேல்லைத்தான். வாயை மூடிக்கொண்டு பாடமாக்கு."

வாயை மூடிக்கொண்டு எப்படிப் பாடமாக்குவது என்று அவர் சொல்லவில்லை.

என் ஆண்டு வேறு. நான் வாசித்தது, கடையில் பருப்புச் சுற்றித் தந்த பழைய பத்திரிகைகளை. பார்த்தது, பக்கத்து வீட்டு யன்னலுக்குள் தெரிந்த பாதித் தொலைக்காட்சியை. கேட்டதோ வானொலியின் மரண அறிவித்தல்களை. மாலையில் அப்பா வானொலியைக் காதோடு அணைத்துக்கொள்வார். குசினியில் ஒரு கரண்டி விழுந்தாலும் சினப்பார். 'இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட' என்று ஏறி இறங்கிய அந்தக் குரலிடம்தான் நான் சொல்லை நிறுத்தவும் நீட்டவும் கற்றேன். பின்னர் வென்ற எந்த விவாத மேடையிலும் அதை மறுத்ததில்லை. அப்பா பிறந்த சம்பூரின் பெயர் வந்தால் அவர் கண்களை மூடிக்கொள்வார். போரில் ஊரே வெளியேற்றப்பட்டிருந்தது. திரும்பிப் போகப் படையினர் அப்போதும் விடவில்லை. அது எனக்கு அந்த வயதில் தெரியாது. ஏன் நாங்கள் அங்கே போவதில்லை என்று கேட்டால், "பிறகு போவம்" என்பார் அம்மா.

விழாவன்று மாமாவின் காவியங்களைக் கைவிட்டேன். முன்வரிசையில் பிரதம விருந்தினர் படைச் சீருடையில் அமர்ந்திருந்தார். அருகில் ஒருவர் அவருக்குச் சிங்களத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். நான் அறிவிப்பாளரின் குரலை எடுத்ததும் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அடக்க என் வாதத்தை வைத்தேன்.

"சபையோரே! சம்பூரிலே பிறந்தவர்கள் வவுனியாவில் இறந்தார்கள். மட்டக்களப்பில் இறந்தார்கள். கனடாவில் இறந்தார்கள். இவ்வாண்டு முழுவதும் கேட்டேன், சம்பூரில் ஒருவர்கூட இறக்கவில்லை! ஆகவே, மரணமே இல்லாத ஊர் எங்கள் ஊர்!"

மண்டபம் உறைந்தது. அதை வெற்றி என்றே எண்ணினேன். மொழிபெயர்த்தவர் விருந்தினரின் காதருகே குனிந்து நெடுநேரம் பேசினார். மாமா மேடையில் ஏறி என் கையைப் பிடித்து இழுத்தார்.

"பிள்ளைக்குக் காய்ச்சல், சேர். என்ன கதைக்கிறதெண்டு தெரியாமல் கதைக்குது."

காய்ச்சலா? அன்றிரவு நான் சோற்றைத் தொடவில்லை. அப்பா வானொலியைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தார்.

மறுநாள் காலை, சாதாரண உடையில் இருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். ஒருவர் புன்னகையோடு கேட்டார்: "நேற்றுப் பேச்சு, யார் எழுதினது?"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கடைசியில் ஒரு ரசிகர்! நான் வாய் திறக்குமுன் மாமா முன்னால் வந்தார்.

"நான்தான் எழுதிக் குடுத்தனான். பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. அத்தானுக்கும் தெரியாது."

"பொய்! என்ர பேச்சு! நான்தான் எழுதினனான்!"

"சும்மா இரடி!" என்று அம்மா என் வாயைப் பொத்தினார். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் இருவருக்கும் நடுவே மாமா ஏறி அமர்ந்தார். நேற்று என்னை மேடையிலிருந்து இழுத்தவர், புகழ் வீடு தேடி வந்ததும் தனதென்கிறார்! அம்மாவின் கையைக் கடித்து விடுவித்துக்கொண்டு, தெரு முழுவதும் கேட்க, "கள்ளன்!" என்று கத்தினேன்.

அடுத்த நாள் பின்னேரம் அவர் தனியாக நடந்து திரும்பினார். வேறு யாருடையதோ ஒரு சட்டை. அம்மா அவரைக் கண்டதும் அழத் தொடங்கினார். நான் வாசலை மறித்து நின்று கையை நீட்டினேன்.

"எங்க என்ர பரிசு?"

மாமா துணி சுற்றிய வலது கையை முதுகுக்குப் பின்னால் எடுத்துக்கொண்டார். பரிசை ஒளிக்கிறார் என்று நினைத்து, அதைப் பறிக்கப் பாய்ந்தேன்.