பெரிதாக்கிய எஞ்சினும் என் இரண்டு காதுகளும்

மத்தியானம் சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் வாசலில் ஹாரன் அடிக்கும். மலையேறப் போகிறோம் என்று அர்த்தம். போன வருஷத்திலிருந்து என் பாடு இதுதான். தெருவில் மற்ற பொம்பளைகள் அந்த நேரத்துக்குக் கொஞ்சம் தலை சாய்ப்பார்கள். நான் ஒரு கிழட்டுக் காரின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, அதன் எஞ்சின் என்ன சொல்கிறது என்று காது கொடுப்பேன்.

என் வீட்டுக்காரர் ஏலத்தோட்டத்து ஜீப்புகளுக்கு மெக்கானிக்காக இருந்தவர். பட்டறையை மூடினால் வீட்டில் சும்மா இருப்பார் என்று நம்பினேன். மனிதர் போய், ஒரு எஸ்டேட் முதலாளி வீட்டுக் கொட்டகையில் எலி ஓடிக் கிடந்த ஜெர்மன் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். எஞ்சினைப் பிரித்தால் உள்ளே துருப் பிடித்து அரித்திருந்தது. அந்த அளவுக்குப் பிஸ்டன் கிடைக்கவில்லை. வேறொரு எஞ்சினின் பெரிய பிஸ்டனை வாங்கி, கோயம்புத்தூரில் கொடுத்துச் சிலிண்டரை அதற்கேற்பக் குடைந்து போர் பண்ணிக் கொண்டு வந்தார். எஞ்சின் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. அதற்குப் பெட்ரோல் ஊட்டுகிற ஏற்பாடு மட்டும் பழைய அளவிலேயே நின்றது.

அந்தக் காரில் கார்புரேட்டர் கிடையாது. உள்ளே போகிற காற்று ஒரு வட்டத் தகட்டைத் தூக்கும். தகடு எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவு பெட்ரோலை நாலு குழாய் வழியாக நாலு நாசில் பீய்ச்சும். சமதரையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. மலையில் மிதித்ததும் பெருத்த எஞ்சின் காற்றை வாரி இழுக்க, தகடு அதன் உச்சிக்குப் போய் முட்டிக்கொண்டது. காற்று வருகிறது, பெட்ரோல் காணவில்லை. பெட்ரோல் போதாத எஞ்சின், சுமையில் நாக்கிங் அடிக்கும். எவர்சில்வர் தட்டில் துவரம்பருப்பைக் கொட்டுகிற மாதிரி மெல்லிய சத்தம். அதோடு ஓட்டினால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

தேனியில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இதைக் கழட்டிப் போட்டுட்டு ஒரு கார்புரேட்டரை மாட்டுங்க. ஒரு நாள் சோலி" என்றார்.

"அது கூடவே பொறந்தத நான் ஏன்யா பிடுங்கணும்?" என்றார் இவர். அந்த ஒரு நாள் சோலியை நான் எத்தனை முறை நினைத்து ஏங்கியிருக்கிறேன் தெரியுமா.

திருப்பூரில் எங்கள் மகள் இருக்கிறாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேலைக்கும் போகிறாள். எங்களுக்கென்று ஓர் அறை ஒதுக்கி, கட்டில் வாங்கிப் போட்டு, வா வா என்கிறாள். எனக்கும் முழங்கால் இரண்டும் போய்விட்டது. அடுத்தவர் கையால் ஒரு காப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் பேரனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. இவரிடம் கேட்டால் ஒரே பதில்தான்.

"வண்டி அடிவாரத்து முந்தல்ல இருந்து மலை உச்சி போடிமெட்டு வரைக்கும் நாக்கிங் இல்லாம ஏறட்டும். மறுநாளே கெளம்பிருவோம்."

இப்படியாக என் விடுதலை அந்தப் பருப்புச் சத்தத்தில் போய் மாட்டிக்கொண்டது.

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இரண்டாவது கியரில் போட்டு மிதித்துவிட்டு, "கேக்குதா?" என்பார். முதலில், தனக்குக் கேட்பதை எனக்கும் காட்டுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. அவருக்கு இடி கேட்கும், ஹாரன் கேட்கும், நான் கத்தினால் கேட்கும். மெல்லிய சத்தமெல்லாம் பட்டறை இரைச்சலிலேயே கரைந்து போயிருக்கிறது. அவர் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்குது என்றால் வண்டி திரும்பும், ராத்திரி சட்டையில் பெட்ரோல் நாறும், மறுநாள் நான் துவைப்பேன்.

பெட்ரோலைக் கூட்டி வைத்தால் முந்தலில் சத்தம் நின்றது. மேலே போகப் போகக் காற்று லேசாகி, பெட்ரோல் மிஞ்சி, வண்டி கரும்புகை கக்கித் திணறியது. கீழே பட்டினி, மேலே அஜீரணம். குறைத்தால் மறுபடி கீழே பருப்புக் கொட்டும். தோட்ட வேலை முடிந்து ஜீப்பில் இறங்கி வருகிற சிலமலைப் பெண்களுக்கு நாங்கள் நல்ல பொழுதுபோக்கு. "ஆத்தா, இன்னைக்கும் காத்து வாங்கக் கெளம்பிட்டியா?" என்பாள் ஒருத்தி. "ஆமாடி, நீ வேணா வந்து உக்காரு, நான் ஏலக்காய் எடுக்கப் போறேன்" என்பேன். சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

கடைசியில், அதே ஜாதிக் கார் ஒன்றின் பெட்ரோல் அளவைத் திருத்துகிற டப்பாவைப் பழைய சாமான் கடையில் பிடித்தார். அது மிதிக்கும்போது மட்டும் பெட்ரோலைக் கூட்டும், உயரத்துக்குப் போனால் தானே குறைத்துக்கொள்ளும். அதைத் தன் எஞ்சினுக்கு ஒத்துவரும்படி சுரண்டி, இறுக்கி, தளர்த்தி மாட்டினார்.

போன மாதம் ஏறினோம். முந்தலைத் தாண்டி முதல் வளைவு, மூன்றாவது, ஐந்தாவது. "கேக்குதா?" கேட்கவில்லை. ஜன்னலை இறக்கிவிட்டுக் கேட்டேன். பாறைச் சுவரை ஒட்டிப் போகும்போதும் கேட்டேன். எஞ்சின் வழவழவென்று இழுத்தது. புகையும் இல்லை.

"இல்லைங்க. சுத்தமா இல்ல."

அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். என் முகத்தையே பார்த்தார்.

"அலுப்புல சொல்றியா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் இறங்கி நடந்தே போடிக்குப் போயிருப்பேன், முழங்கால் விடவில்லை. இத்தனை நாள் கேட்குது கேட்குது என்று என் வாயாலேயே என் காரியத்தைக் கெடுத்துக்கொண்டவளிடம் இதைக் கேட்டால்?

"உங்களுக்குக் காது கேக்கல. அதுக்கு நான் பொய் சொல்றவளா?" என்று கத்தினேன். முதல் முறையாக அந்த வார்த்தை எங்கள் இருவருக்கும் நடுவில் விழுந்தது.

கோபப்படுவார் என்று பார்த்தேன். ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"தெரியும். வண்டின்னா கையாலயும் உன் காதாலயும் தெரிஞ்சுக்கிறேன். அங்க திருப்பூர்ல மாப்ள பேசுவாரு, அவரு வீட்டாளுக பேசுவாங்க, புள்ள மழலை பேசும். நான் தலைய ஆட்டிக்கிட்டே உக்காந்திருக்கணும்."

இந்த வண்டி சரியாகிவிடக் கூடாது என்றுதான் மனிதர் உள்ளூர வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது. காதுக்கு மிஷின் வந்து எத்தனையோ காலமாகிறது, அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

"மேல ஏத்துங்க" என்றேன். ஏற்றினார். போடிமெட்டு வரை ஒரு பருப்புகூட விழவில்லை. டீக்கடையில் பால் விடாத கட்டன் டீ வாங்கி உட்கார்ந்தோம். அங்கேதான் சிக்னல் வந்து மகளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, கார் சரியாயிருச்சா? எப்ப வர்றீங்க?"

"இன்னும் கொஞ்சம் சோலி கெடக்குடி."

"எஞ்சின்லயா?"

"எஞ்சின் முடிஞ்சிருச்சு. உங்கப்பாகிட்டத்தான் பாக்கி. தேனியில காது டாக்டரப் பாத்துட்டு வர்றோம்."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக இந்த இடத்தில் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டுவார். ஆட்டவில்லை. கிளாஸைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்ன? எனக்குக் கேக்கல" என்றார்.