உடுத்திய துணி தவிர

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். காலையில் விவேக் நகரில் பஸ் பிடித்து வருவேன்; பழைய மனு ஒன்றை எடுத்து, பெயரையும் விலாசத்தையும் மாற்றிப் புது மனுவாக அடிப்பேன். எங்கள் சீனியர் சட்டம் படித்ததும் இப்படித்தான் இருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

கோர்ட் கட்டணம் கட்ட வக்கில்லாதவர்கள், தாங்கள் ஏழை என்று மனு போட்டால் கட்டணமில்லாமலே வழக்கை எடுத்துக்கொள்வார்கள். கூடவே சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். உடுத்திய துணியை மட்டும் அதில் சேர்க்க வேண்டியதில்லை. சட்டத்துக்கும் கொஞ்சம் வெட்கம் இருக்கிறது.

ஒரே மாதத்தில் எங்களுக்கு இரண்டு ஏழைகள் கிடைத்தார்கள். ஒருவர் நீலசந்திராவிலிருந்து வந்த அக்கா, வீட்டு வேலை செய்பவர். யாரோ அரைகுறையாகக் கட்டிய காம்பவுண்டுச் சுவர், ரோட்டில் போன அவர் புருஷன்மேல் விழுந்து ஆளைக் கொன்றுவிட்டது. சுவர்க்காரரிடம் நஷ்டஈடு கேட்க வேண்டும். கேட்கும் தொகைக்கு ஏற்பக் கட்டணம் என்பதால், விலக்கு கிடைக்காவிட்டால் வழக்கே கிடையாது. இன்னொரு ஏழை ஒரு கம்பெனி.

அக்காவிடம் என்னென்ன சொத்து என்று கேட்டேன். பாத்திரங்களையும் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் சொன்னார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆனேக்கல் பக்கத்துல ஒரு சைட் இருக்குது மேடம். எம்பேர்லதான். அதையும் எழுதிக்கோங்க."

சைட் என்றால் வீட்டுமனை. ரோடு கிடையாது, தண்ணீர் கிடையாது. நான்கு மூலைக்கு நான்கு கல், நடுவில் முள். சீட்டு எடுத்து வாங்கியதாம். மறைத்தால் பொய் மனு ஆகிவிடும் என்பதால் எழுதிக்கொண்டேன்.

அக்காவின் மனுவையே பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கம்பெனியின் மனுவை அடித்தேன். பட்டியலில் எழுத ஒன்றுமில்லை. நிலம் டைரக்டரின் மனைவி பேரில், கார் மச்சான் பேரில். அவசரத்தில் அக்காவின் மனுவிலிருந்த ஒரு வரியை மாற்ற மறந்துவிட்டேன். சீனியர் படிக்கவில்லை, டைரக்டரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

ஜட்ஜ் படித்தார். "பட்டியலில் உள்ளது போக, உடுத்திய துணி தவிர மனுதாரருக்கு வேறெதுவும் இல்லை என்று இருக்கிறதே, கம்பெனி என்ன உடுத்தியிருக்கிறது?" என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது. சீனியர் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, சட்டப்படி கம்பெனியும் ஒரு நபர், நபர் என்றால் வறுமையும் வரத்தானே செய்யும் என்றார். வறுமையில் வாடிய நபரின் சார்பில் டைரக்டர் கோட்டும் டையுமாக நின்றார். கட்டணம் சர்க்காருக்குப் போவது என்பதால் வந்திருந்த சர்க்கார் வக்கீல் பட்டியலை முன்னும் பின்னும் புரட்டினார். ஆட்சேபிக்க எதுவும் அகப்படவில்லை. கம்பெனி ஏழைதான் என்று தீர்ப்பாயிற்று.

அடுத்து அக்கா கூண்டில் ஏறினார்.

"சைட் இதியாம்மா?" என்று, சைட் இருக்கிறதா எனக் கன்னடத்தில் கேட்டார் சர்க்கார் வக்கீல்.

"இதெ சார். நந்தே," என்றார் அக்கா, இருக்கிறது, என்னுடையதுதான் என்று பெருமையாக.

அவ்வளவுதான். நிலம் வைத்திருப்பவர் ஏழை ஆக மாட்டார். ஒரு மாதத்துக்குள் கட்டணம் கட்டச் சொன்னார்கள்.

வெளியே வராந்தாவில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சைட்ட எந்தங்கச்சி பேருக்கு மாத்திட்டு வந்தா ஒத்துப்பாங்களா மேடம்?"

"இப்ப முடியாதுக்கா. மனு போடறதுக்கு முன்னாடி ரெண்டு மாசத்துக்குள்ள மாத்தினாலே ஏமாத்தறதுன்னு சொல்லிடுவாங்க. அதுக்கும் முன்னாடியே செஞ்சிருக்கணும்."

அக்கா என் கையை விட்டார். "அந்தக் கம்பெனிக்கு மட்டும் முன்னாடியே யாரு மேடம் சொன்னாங்க?"

மனுவுக்கு ஆறு மாதம் முன்பே, டைரக்டரின் மனைவிக்குக் கம்பெனி நிலத்தை எழுதிக்கொடுத்த பத்திரத்தை அடித்தது நான்தான். அதில் ஒரு பிழைகூட விடவில்லை.