கை ஆடினால் கலையும் வளையம்

பன்னிரண்டாம் வகுப்பில் நான் லேபில் நின்ற நாட்கள் குறைவு. தை மாதம் நவரைப் பட்ட நெல் நடவு. அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் இடத்தில் நான் குனிந்தேன். நடவு இல்லாத நாளில் உத்திரமேரூர் பஸ் ஏறிப் பள்ளிக்குப் போவேன்.

வேதியியல் ரெக்கார்டு நோட்டை ஊர்த் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதினேன். அதில் மிஸ் கையெழுத்து இல்லையென்றால் செய்முறைத் தேர்வுக்கு உள்ளே விடமாட்டார்கள். தேர்வுக்கு முந்தின நாள் மிஸ் என் நோட்டைப் புரட்டினார்.

"எட்டு உப்பு எழுதியிருக்க. எந்த உப்பைத் தொட்ட?"

மிஸ் ஒரு பக்கத்தில் விரல் வைத்து, தோழியைக் காட்டினார்.

"அவ அடிச்சுத் திருத்தின இடத்துல நீயும் அடிச்சுத் திருத்தியிருக்க."

வகுப்பு சிரித்தது.

"சாயந்திரம் ஒரு உப்பு தரேன். குளோரைடா, சல்பேட்டா, நைட்ரேட்டான்னு என் எதிர்ல கண்டுபிடி. அப்புறம் கையெழுத்து."

அன்று விடியலில் நாற்றுப் பறித்துவிட்டு வந்திருந்தேன். காலில் சேற்றுப்புண். நிற்க முடியவில்லை. நின்றேன்.

மிஸ் காகிதத்தில் மடித்து வெள்ளை உப்பு கொடுத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார். டிஸ்டில்டு வாட்டர் கேன் காலி. லேபைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் கேட்டேன்.

"அது நேத்தே தீந்துபோச்சு. பேட்டரி கடையில வாங்கணும். கொயாத் தண்ணியில போடு, ஒண்ணும் ஆவாது."

குழாய்த் தண்ணீரில் உப்பைக் கரைத்தேன். நைட்ரிக் அமிலம் விட்டேன். சில்வர் நைட்ரேட் விட்டேன். என் விரலிலும் கொஞ்சம் சிந்தியது. சோதனைக் குழாயில் வெள்ளையாகத் திரண்டது.

"குளோரைடு," என்றாள் தோழி. எனக்காகக் காத்திருந்தாள். "எழுதிட்டுக் கெளம்புடி. பஸ்ஸு போய்டும்."

பேனாவை எடுத்தேன். தண்ணீர்க் குழாயின் வாயில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. எங்கள் வீட்டுக் குண்டானிலும் அப்படித்தான் படியும். பேனாவை வைத்தேன். இன்னொரு சோதனைக் குழாயில் வெறும் தண்ணீர் பிடித்து அதே மருந்துகளை விட்டேன். அதுவும் வெள்ளை.

"தண்ணியிலயே குளோரைடு கீதா?" என்றாள். "அப்போ உப்புல இன்னா கீதுன்னு எப்படிடி சொல்வ?"

மறுபடி ஆரம்பிக்க எனக்கு மனமில்லை. கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்தேன். பிறகு எழுந்தேன்.

சல்பேட் சோதனை செய்தேன். அதில் ஒன்றும் வரவில்லை. மிச்சம் நைட்ரேட்டுக்கான பழுப்பு வளையச் சோதனை. நோட்டில் எழுதியிருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. உப்புக் கரைசலில் பெரஸ் சல்பேட் கரைசலை ஊற்றினேன். குழாயைச் சாய்த்து, அடர் சல்பியூரிக் அமிலத்தைச் சுவரோடு சொட்டுச் சொட்டாக இறக்கினேன். அமிலம் அடியில் தங்கியது. இரண்டும் தொடும் இடத்தில் மெல்லிய வளையம் வந்தது. டீ டம்ளரில் படியும் கறை மாதிரி.

நைட்ரேட்.

ஆட்டினால் அந்த வளையம் கலைந்துவிடும். மிஸ் மேசை லேபின் மறுகோடியில் இருந்தது. குழாயை நாங்கள்தான் எடுத்துப்போய்க் காட்டுவோம். மிஸ்ஸை யாரும் கூப்பிட்டதில்லை. குழாயை ஸ்டாண்டில் வைத்தேன்.

"மிஸ், நீங்க வாங்க. எனக்குக் கை ஆடுது."

தோழி என் இடுப்பில் கிள்ளினாள். மிஸ் வந்தார். குனிந்து வளையத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த இரண்டு வெள்ளைக் குழாய்களைக் காட்டினார்.

"இது என்ன?"

"ஒண்ணு உப்பு மிஸ். ஒண்ணு வெறும் தண்ணி."

மிஸ் லேப் அக்காவைப் பார்த்தார். "இப்பவே போய் டிஸ்டில்டு வாங்கிட்டு வாங்க. இல்லன்னா நாளைக்கு எல்லாரும் தண்ணியத்தான் கண்டுபிடிப்பாங்க."

"கடை சாத்தியிருப்பான் மிஸ்."

"தட்டுங்க."

எட்டுப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். அடித்துத் திருத்திய பக்கத்தில் மட்டும் கொஞ்சம் நின்று, அப்புறம் போட்டார்.

பஸ்ஸில் நின்றபடி தூங்கினேன். ஊர் வந்ததும் தோழி உலுக்கி இறக்கினாள்.

வேதியியலில் பாஸ். படிப்பு அந்த வருடத்தோடு நின்றது.

செய்முறைத் தேர்வு முடிந்த மறுநாள், முதலில் நட்ட வயலில் களை எடுக்க இறங்கினேன். சில்வர் நைட்ரேட் சிந்திய இரண்டு விரல் கறுத்திருந்தது. பக்கத்து வரிசையில் களை எடுத்த ஊர் அக்கா ஒருத்தி பார்த்தாள்.

"இன்னாடி கையில?"

"லேப் மருந்துக்கா."

"தேச்சா போவாதா?"

"போவாது. தோல் உரிஞ்சாத்தான்."

"சரி, குனி. வரிசை பின்னாடி போவுது பாரு."

குனிந்தேன்.