இரட்டைக் குழந்தை வண்டியும் நீலச் செருப்பும்

என் அக்கா வீட்டில் குழந்தைகள் இல்லை. ஆனால் கதவைத் திறந்ததும் முதலில் முழங்காலில் இடிப்பது ஒரு குழந்தை வண்டியாகத்தான் இருக்கும். கூடத்தில் ஒரு சக்கரம் கழன்று ஒன்று சாய்ந்து நிற்கும். குளியலறைக் கதவுக்குப் பின்னால், வண்டியிலிருந்து உரித்த துணி ஈரம் சொட்டிக்கொண்டு தொங்கும். சாப்பாட்டு மேசைக்கு அடியில் தொட்டில் கட்டைகள். யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய வண்டிகளை வாங்கி, கழுவி, துரு சுரண்டி, புதுத் துணி தைத்து, ஃபோனில் படம் போட்டு விற்பதுதான் அவள் தொழில்.

புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டம்மா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுல எத்தனை பிள்ளைங்க? ஒரு சத்தமும் வரலையே?" என்று கேட்டார்.

"எல்லாம் நல்லா வளர்த்த பிள்ளைங்க" என்றாள் அக்கா.

இப்போது அவள் இல்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் அவளைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னால், நான் அந்த இரட்டைக் குழந்தை வண்டியைத்தான் சொல்கிறேன். வந்தவர்கள் சிரித்துவிடுகிறார்கள். பிறகு சிரித்ததற்காகச் சங்கடப்படுகிறார்கள். அக்கா இருந்திருந்தால் அவர்களைச் சங்கடப்பட விட்டிருக்க மாட்டாள்.

அக்காவை ஒருமுறை ஏமாற்றியிருந்தார்கள். வாசலில் நின்று ஒருவன் ஃபோனைத் தட்டினான். அவள் ஃபோனில் 'பணம் வந்து சேர்ந்தது' என்று குறுஞ்செய்தி வந்தது. தொட்டிலைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். சாயங்காலம் கணக்கைப் பார்த்தால் ஒன்றுமே வந்திருக்கவில்லை. செய்தியை அனுப்பியது பணம் கட்டும் நிறுவனம் இல்லை, அவனேதான். அப்படியே அச்சு அசலாக எழுதியிருந்தான். "அவன் எழுத்துல ஒரு தப்பு இல்லடி. என்னமா படிச்சிருக்கான்!" என்று இரண்டு நாள் திட்டினாள்.

அதன்பிறகு ஒரு சட்டம் போட்டாள். விளம்பரத்தில் இருப்பது அவள் எண். பணம் வர வேண்டியது அத்தானின் எண்ணுக்கு. அத்தான் தன் கணக்கைத் திறந்து, தொகையைக் கண்ணால் பார்த்து, "வந்துடுச்சு" என்று வாயால் சொன்னால்தான் வண்டி வாசலைத் தாண்டும். செய்தி, ஸ்கிரீன்ஷாட், சத்தியம் எதுவும் செல்லாது.

இதில் ஒரே ஒரு சிக்கல். அத்தான் லிப்ட் மெக்கானிக். பாதி நேரம் ஏதாவது ஒரு கட்டடத்தில் லிப்ட் ஏறி இறங்கும் குழிக்குள் இருப்பார். அங்கே சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது.

"நான் குழிக்குள்ள இருந்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டார்.

"நீங்க வெளிய வர வரைக்கும் அவங்க உட்காரட்டும். தண்ணி குடுக்கறேன்."

அப்படியே நடந்தது. வாங்க வந்தவர்கள் கூடத்தில், வண்டிகளுக்கு நடுவே, தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். சிலர் முறைத்தார்கள். ஒரு பெரியவர் தூங்கியே போனார். போலி ரசீதோடு வந்தவர்கள் மட்டும் உட்காரவே மாட்டார்கள். அவசரம், ஆட்டோ நிற்கிறது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நழுவிவிடுவார்கள். அக்கா அதிலிருந்து ஒரு ஆராய்ச்சி முடிவுக்கு வந்தாள்: "திருட்டுப் பய எவனும் டம்ளரைக் காலி பண்ணினதே இல்ல."

இரட்டை வண்டி அவள் கைவேலைகளிலேயே பெரியது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை, தனித்தனிக் கூரை. துருப்பிடித்த கம்பிக்கூடாகத்தான் வந்தது. அதைத் தேறவைக்க அவள் பட்ட பாட்டில் அத்தான் இரண்டு விடுமுறைகளை இழந்தார். படம் எடுக்கும் அன்று வாசலில் நிறுத்தினாள். வாசல் சரிவு, வண்டி உருளும். வழக்கம்போல ஒரு காலால் சக்கரத்தை அழுத்திக்கொண்டே படம் எடுத்தாள். அவள் எடுத்த எல்லாப் படங்களின் ஓரத்திலும் நீலச் செருப்பு போட்ட பாதத்தின் முனை ஒன்று இருக்கும். "செருப்பை வெட்டிட்டுப் போடேன்" என்று நான் சொன்னால், "வெட்டினா சக்கரமும் போயிடும்" என்பாள்.

ஒருவர் உடனே வேண்டும் என்று எழுதினார். மரியாதையான பேச்சு. 'என் தம்பியை அனுப்புகிறேன். அவன் பார்த்துச் சரி என்றதும் நான் இங்கிருந்து பணம் அனுப்பிவிடுவேன். அவனிடம் பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம், கூச்ச சுபாவம்' என்றார். அக்கா முகவரியும் அத்தானின் எண்ணும் கொடுத்தாள்.

தம்பி வந்தார். சட்டையெல்லாம் சுண்ணாம்பும் பெயின்ட்டும். காது மடலில்கூட ஒரு பச்சைப் புள்ளி. வண்டியைப் பார்த்ததும் குனிந்து இரண்டு கூரைகளையும் மாறி மாறித் திறந்து மூடினார். "ரெட்டைப் பிள்ளைங்க. நாளைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வராங்க" என்றார். பிறகு தன் ஃபோனில் எதையோ தட்டி, "அனுப்பிட்டேங்க" என்றார்.

அதே நேரம் அக்காவின் ஃபோனில் அண்ணனிடமிருந்து ஒரு ரசீதின் படம் வந்தது. 'பணம் அனுப்பியாயிற்று.'

"யார் அனுப்பினது? நீங்களா, உங்க அண்ணனா?" என்றாள் அக்கா.

"எனக்கு ஏதுங்க அண்ணன்?"

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு 'மாட்டினான்டி' என்று பொருள்.

"உட்காருங்க. தண்ணி குடிங்க."

பெயின்டர் உட்கார்ந்தார். ஒரே மூச்சில் டம்ளரைக் காலி செய்தார். இன்னொன்று கேட்டார். அதையும் குடித்தார். அக்கா சமையலறைக்கு வந்து என் காதில், "ஏண்டி, ரெண்டு டம்ளர் குடிச்சுட்டானே! இது எந்தக் கணக்குலயும் வரலையே" என்று கிசுகிசுத்தாள்.

அத்தானின் ஃபோன் கிடைக்கவில்லை. பெயின்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அக்கா, எங்கிட்ட இருந்ததையெல்லாம் போட்டு அனுப்பியிருக்கேன். என் ஃபோனைப் பாருங்க, பணம் போயிருக்கு."

"உங்க ஃபோன்ல போனது எனக்கு எதுக்கு? எங்க வீட்டு ஃபோன்ல வரணும்."

"அப்ப நான் என்ன பண்றது?"

அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். "வாங்க, அவர் இருக்கற இடத்துக்கே போவோம். வண்டியும் வரட்டும், நீங்களும் வாங்க. ஆனா வண்டியை நான்தான் தள்ளுவேன்."

காலியான இரட்டை வண்டியைத் தள்ளிக்கொண்டு அக்கா முன்னால். வண்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் பெயின்டர் பின்னால். அவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் நான் கடைசியில். எதிரே வந்தவர்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும் "எங்கம்மா பிள்ளைங்க?" என்று கேட்டேவிட்டார். "பணம் கட்டினாத்தான் குடுப்பாங்களாம்" என்று சொல்லிக்கொண்டே அக்கா நடந்தாள்.

அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் லிப்ட் கதவு திறந்து கிடந்தது. உள்ளே லிப்ட் இல்லை, இருட்டுதான் இருந்தது. அக்கா கழுத்தை நீட்டிக் கத்தினாள். "ஏங்க! பணம் வந்துதா?"

மேலே எங்கிருந்தோ அத்தானின் குரல் எதிரொலியோடு இறங்கியது. "கையெல்லாம் கிரீஸு! தலையை உள்ள விடாதே!"

"பணம் வந்துதான்னு கேட்டேன்!"

"சிக்னல் இல்ல! ஃபோனை இறக்கறேன், நீயே பார்த்துக்கோ!"

ஒரு கருவிப்பை கயிற்றில் ஆடி ஆடி இறங்கியது. அதற்குள் ஸ்பானர்களுக்கு நடுவே ஃபோன். தெருவுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். கணக்கில் எதுவும் வந்திருக்கவில்லை. ஃபோனோடு லிப்ட் வாசலுக்கே திரும்பினோம்.

பெயின்டர் தன் ஃபோனை நீட்டினார். அவர் கணக்கிலிருந்து பணம் நிஜமாகவே போயிருந்தது. நான் இரண்டு ஃபோனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் அனுப்பிய எண் அத்தானுடையது இல்லை.

"இந்த நம்பரை யார் குடுத்தா?"

"விளம்பரம் போட்டவர்தான். வீட்டுல இருக்கறது என் அக்கா, போய்ப் பாருங்க, பிடிச்சா எனக்கு அனுப்புங்கன்னார்." சொல்லிவிட்டு அவர் தன்னிடம் இருந்த விளம்பரத்தைத் திறந்தார்.

எங்கள் வாசல். எங்கள் வண்டி. ஓரத்தில் ஒரு பாதம்.

"அட, என் செருப்பு!" என்று கத்தினாள் அக்கா.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அக்காவிடம் வாங்குகிறவன்போலப் பேசியவனும் பெயின்டரிடம் விற்கிறவன்போலப் பேசியவனும் ஒரே ஆள். அக்காவின் படத்தைத் திருடி, விலையைக் கொஞ்சம் குறைத்து விளம்பரம் போட்டிருக்கிறான். பெயின்டரின் பணம் அவனிடம் போய்விட்டது. அக்காவுக்கு வந்தது போலி ரசீது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் பெயின்டர். "எங்க அக்காவுக்குக் கொஞ்சம் கழண்டுடுச்சு, பணம் வரலன்னு ஏதாவது சொல்லுவாங்க, கண்டுக்காதீங்கன்னு சொன்னான்."

"அது ஒண்ணுதான் உண்மை!" என்றது லிப்ட் குழி.

யாரும் சிரிக்கவில்லை. பெயின்டர் வெளியே போய் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். நான் பணம் கட்டும் நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தேன். எண்ணை முடக்குகிறோம், ஆனால் பணம் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்றார்கள். காவல் நிலையத்தில் புகார் வாங்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போதும் வண்டியை அக்காதான் தள்ளினாள். வண்டி அவளுடையது, பணமும் அவளிடம் வரவில்லை, கொடுக்க வேண்டிய கட்டாயம் ஒன்றும் கிடையாது. பெயின்டரும் கேட்கவில்லை. தெருமுனையில் அவள் நின்றாள்.

"தம்பி, இதைக் கொஞ்சம் பிடிங்க. கை வலிக்குது."

அவர் கைப்பிடியைப் பிடித்தார்.

"அப்படியே உங்க வீட்டுக்குத் தள்ளிக்கிட்டுப் போங்க. சும்மா குடுக்கறேன்னு நினைச்சுக்காதீங்க. பிள்ளைங்க நடக்க ஆரம்பிச்சதும் வண்டி என் வாசலுக்கு வந்துடணும். துணி கிழிஞ்சிருந்தா உங்க சட்டையைக் கிழிச்சுத் தைப்பேன்."

பெயின்டர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏணியோடும் பச்சை பெயின்ட் டப்பாவோடும் வந்து நின்றார். வாசல் சுவர் முழுக்க அத்தானின் எண்ணை எழுதினார். ஒவ்வொரு இலக்கமும் ஆள் உயரம். கீழே: 'பணம் இந்த எண்ணுக்கு மட்டும். எனக்குத் தம்பி கிடையாது.' அந்தக் கடைசி வரி அக்கா சொல்லி எழுதியது. அதன்பிறகு எந்த வண்டியையும் அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தித்தான் படம் எடுத்தாள். படத்தைத் திருடினால் எண்ணும் சேர்ந்தே போகும்.

"இது வீடா, விளம்பரப் பலகையா?" என்று அத்தான் புலம்பினார். தெருவில் போகிறவர்களெல்லாம் அவரை அழைத்துப் பார்த்தார்கள். அவர் குழிக்குள் இருந்ததால் பிழைத்தார்.

போன மாதம் பெயின்டர் வந்தார். அவருடைய இரட்டைப் பெண் குழந்தைகள் வண்டியில் உட்கார மறுத்து, ஆளுக்கொரு பக்கம் அதைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். துணி கிழியவில்லை. பிரேக் மட்டும் போயிருந்தது. அக்காவைக் கேட்டார். அத்தான் சொன்னார். பெயின்டர் சுவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அதை வெள்ளையடித்துத் தரட்டுமா என்று மெதுவாகக் கேட்டார்.

"வேணாம்ப்பா" என்றார் அத்தான். "அந்த ஏழு கொஞ்சம் உரிஞ்சிருக்கு. அதை மட்டும் சரி பண்ணிடு."

அவர் அந்த இலக்கத்தைச் சரிசெய்யும்வரை குழந்தைகள் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அல்லது ஏணி அவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் போனபின் அத்தான் வண்டியைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். அது உருண்டது. மறுபடி நிறுத்தினார், மறுபடி உருண்டது. உள்ளே போய் அக்காவின் நீலச் செருப்பில் ஒன்றை எடுத்து வந்து சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்தார். வண்டி நின்றது. படம் எடுத்துப் போட்டார்.

முதல் கேள்வி சாயங்காலமே வந்தது: 'செருப்பும் சேர்த்தா?'

அத்தான் ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டிப் பதில் அனுப்பினார். 'வண்டி மட்டும். நேரில் வாருங்கள், தண்ணீர் தருகிறோம்.'