அறுபத்தெட்டு மீட்டர்

பொதுமக்கள் கொடுக்கும் மனுவுக்கு மூன்று நாட்களுக்குள் ஒப்புகை தர வேண்டும். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்பதையாவது எழுதித் தெரிவிக்க வேண்டும். இது அரசாணை. வருவாய்த் துறையில் வேலை பார்த்த காலத்தில் இதன் நகலைப் பல மேசைகளின் கண்ணாடிக்கு அடியில் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக்கு அடியில் இருப்பதால் தூசி படியாது. வேறு பயன் எதுவும் அதனால் விளைந்ததாக நினைவில்லை. என் மேசையிலும் ஒன்று இருந்தது.

இன்னொரு விதியும் இருக்கிறது. நகராட்சிக்கு வெளியே, வழிபாட்டுத் தலத்திலிருந்து நூறு மீட்டருக்குள் மதுக்கடை வைக்கக் கூடாது. தூரத்தைக் காக்கை பறக்கிற வழியில் அளக்கக் கூடாது. மனிதர் நடக்கிற வழியில், வாசலின் நடுவிலிருந்து வாசலின் நடு வரை அளக்க வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் நம்பி நான் ஒரு காரியத்தில் இறங்கினேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி போகும் சாலையில், நகராட்சி எல்லை முடிந்ததும் எங்கள் சபை இருக்கிறது. எழுபது பேர் உட்காரலாம், கூரை தகரம். பக்கத்திலேயே ஒரு விசைத்தறிக் கூடம். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது என்ற தைரியத்தில்தான் பாஸ்டர் அந்த மனையை வாங்கினார். வழிபாட்டுத் தலம் கட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், அதற்கு முன் பல துறைகளின் தடையின்மைச் சான்று வேண்டும். எல்லாம் வந்து சேர்வதற்குள் பாஸ்டருக்குப் பேரன் பிறந்துவிடுவான். அன்று குறுக்கு வழி சொன்னவன் நான்தான். ‘குடியிருப்பு வீடும் கூடமும்’ என்று வரைபடம் போடச் சொல்லி, விண்ணப்பத்தை என் கையாலேயே எழுதி, இருபது நாளில் அனுமதி வாங்கிக் கொடுத்தேன். சபையார் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். சபைச் செயலாளர் பொறுப்பும் அந்தச் சால்வையோடு வந்ததுதான்.

போன வருடம் ஈஸ்டர் முடிந்த கையோடு, எங்கள் சாலைக்கு ஒரு மதுக்கடை வந்தது. வேறொரு ஊரில் இருந்த கடை. அங்கே பெண்கள் மறியல் செய்ததால் எடுத்து, இங்கே வைத்தார்கள்.

கடை திறப்பதற்கு முந்தைய ஞாயிறு, ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் ஒரு பெண் எழுந்து நின்றார். அவருடைய கணவர் பக்கத்துத் தறிக்கூடத்தில் வேலை பார்ப்பவர். மனைவி மட்டும்தான் சபைக்கு வருவார். கணவர் வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுவார்.

“எம்புருசன் குடிய விட்டு நாலு மாசமாச்சு. ஆறு மணிக்கு வேலை முடிஞ்சா நேரா வீட்டுக்கு வந்துருதாக. இப்ப வீட்டுக்கு வார வழியில கடையக் கொண்டாந்து வச்சிட்டாக. மத்தப் பக்கம் போனா கம்மாயும் கருவேல முள்ளுந்தான். அவுக நல்ல மனுசன். ஆனா அந்த வாசல அவுகளால தாண்ட முடியாது. எல்லாரும் ஜெபிச்சுக்கங்க.”

அவ்வளவுதான் சொன்னார். அழவில்லை. உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

ஊர்ப் பெண்கள் சாலையில் உட்காருவதென்று முடிவு செய்திருந்தார்கள். எல்லாரும் அம்மன் கோவிலுக்குப் பொங்கல் வைக்கிறவர்கள். எங்கள் சபைப் பெண்களையும் வீடு தேடி வந்து அழைத்தார்கள். நான் ஆராதனை முடிந்ததும் பாஸ்டரிடம் போனேன்.

“பாஸ்டர், நாளைக்கி நம்ம சிஸ்டர்மாரும் போகணும்.”

“எதுக்கு ஐயா? சுவிசேஷம் சொல்லத்தான் எனக்கு அழைப்பு. கடைய மூடுறதுக்கு இல்ல.”

“கெணத்துக்குச் சுத்துச்சுவரு இல்ல, ஆளு விழுது. நீங்க மேட்டுல நின்னு பிரசங்கம் பண்ணுவீகளா, சுவரு கட்டுவீகளா?”

“கட்டலாம். இந்தக் கடை எங்கருந்து வந்துச்சு? அந்த ஊருல சுவரு கட்டுனாக. கெணறு எந்திரிச்சு இங்க வந்துருச்சு. நம்ம கட்டுனா பந்தல்குடிக்குப் போகும். அங்க இருக்கவன் மனுசன் இல்லையா? ஆளு மாறணும் ஐயா.”

“ஆளு மாறுற வரைக்கும்?”

“அதுக்குத்தானே என்னைய வச்சிருக்கு.”

எனக்கு எரிச்சலாக வந்தது. தன் மேசைக்கு வந்த கோப்பை ‘உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது’ என்று எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பரலோகத்துக்கே தள்ளிவிடுகிறவரை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் மறியல் நடந்தது. எங்கள் பெண்கள் சபையின் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் வரை பஸ்ஸும் லாரியும் நின்றன. அதிகாரிகள் வந்து ஒரு வாரம் தவணை கேட்டார்கள். கடை ஒரு நாள் மூடியிருந்தது. மறுநாள் இரண்டு காவலர்களின் துணையோடு திறந்தது. ஜன்னலுக்கு உள்ளே நானும் நின்றது எனக்கு இன்றும் வெட்கம்தான். பாஸ்டர் சொன்னதை இன்றுவரை நான் ஒப்புக்கொண்டதில்லை.

மறியல் இல்லாவிட்டால் மனு. சபையின் பெயரில் ஆட்சியருக்கு மனு எழுதி, பாஸ்டர் முன்னால் வைத்தேன். வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். “போட்டுட்டேன் ஐயா. ஆனா பிரசங்கத்துல சொல்ல மாட்டேன்” என்றார். பிரசங்கத்தை யாரும் இணைப்பாகக் கேட்கவில்லை என்று சொன்னேன்.

தூரத்தை உத்தேசமாக எழுதினால் மனு அந்த இடத்திலேயே செத்துவிடும். முப்பது மீட்டர் டேப் ஒன்று வாங்கினேன். அளப்பதற்கு இரண்டு ஆள் வேண்டும். சாயந்தரம் ஆறு மணி. தறிக்கூடத்திலிருந்து அந்தப் பெண்ணின் கணவர் வந்துகொண்டிருந்தார். கைகாட்டி நிறுத்தி, “ஒரு முனையப் பிடிச்சுக்கப்பா” என்றேன். அவரும் மறுபேச்சில்லாமல் பிடித்துக்கொண்டார். சபை வாசலின் நடுவிலிருந்து முப்பது. அங்கே ஆணி அடித்து இன்னொரு முப்பது. பிறகு எட்டு. அந்த எட்டாவது மீட்டரில் அவர் எங்கே நிற்பார் என்று நான் யோசிக்கவே இல்லை. என் கண் டேப்பில் இருந்தது.

“சரியா நடுவுல நில்லுப்பா. ரெண்டு தூணுக்கும் நடுவுல” என்று கத்தினேன். சரிபார்க்க வேண்டும் என்று அந்த எட்டை இரண்டாம் தடவையும் அளந்தேன். எண்ணைக் குறித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான், அவர் மதுக்கடை வாசலின் சரிநடுவில், முதுகு கடைப்பக்கமாக, டேப் முனையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தபடி நிற்பதைப் பார்த்தேன். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“ஏலே, என்னலே வாசல மறிச்சுக்கிட்டு நிக்க? கோட்டரு வாங்க டேப்பு எதுக்குலே?” என்றான் ஒருவன்.

“அவன் வேட்டி எடுக்க வந்துருக்கான்லே. ரெண்டு மொழம் கிழிச்சுக் குடு” என்றான் இன்னொருவன். ஒரே சிரிப்பு.

அவர் சிரிக்கவில்லை, நகரவும் இல்லை. “ஐயா, விட்டுறவா?” என்று என்னிடம் மட்டும் கேட்டார். நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

அதற்குள் அவருடைய மனைவி வந்துவிட்டார். கணவர் கடை வாசலில் நிற்கிறார் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கையில் மாவு ஒட்டியபடி ஓடி வந்தவர், கணவரைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், டேப்பின் இந்த முனையில் என்னைப் பார்த்தார்.

“ஏங்கய்யா, இம்புட்டுச் சட்டம் தெரிஞ்ச உங்களுக்கு இவுகள நிறுத்த வேற வாசலே கெடைக்கலையா?”

பணியில் இருந்த காலத்தில் என்னிடம் விளக்கம் கேட்டு மூன்று குறிப்பாணைகள் வந்திருக்கின்றன. மூன்றுக்கும் பதில் எழுதியவன். இதற்கு எழுத முடியவில்லை.

கணவர்தான் பேசினார். “ஏ, சத்தம் போடாத. நிக்கச் சொன்னாரு, நின்னேன். நின்னுதான் பாத்துட்டேன்ல.”

அந்த மனிதரைப் பற்றி நான் பெருமைப்படத் தொடங்கியது அந்த இடத்தில்தான். நடு வாசலில், இரண்டு அளவைக்கும் ஆடாமல் நின்றார். அறுபத்தெட்டு மீட்டர் என்ற என் கணக்கில் ஒரு அங்குலம் கூடப் பிழை இல்லாததற்குக் காரணம் நான் இல்லை.

பாஸ்டருக்கு விஷயம் போகாமல் இருக்குமா? “சுவரு கட்டப் போயி, ஆளையே கெணத்து விளிம்புல நிறுத்திட்டீகளே ஐயா” என்றார். அதற்கு நான் தகுதியானவன்தான். வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ஆறு மணிக்குப் பாஸ்டர் தறிக்கூட வாசலில் நின்றார். அந்த மனிதரோடு பேசிக்கொண்டே கடையைத் தாண்டி வீடு வரை போய்விட்டுத் திரும்பினார். அதற்கு மறுநாளும், அந்த வாரம் முழுவதும் அப்படித்தான். “இது பிரசங்கமா, சமூக சேவையா?” என்று நான் குத்தலாகக் கேட்டேன். “நடக்குறேன் ஐயா. காலுக்கு நல்லதுன்னு டாக்டரு சொன்னாரு” என்றார். ஒரு ஆளுக்காக ஒரு போதகர் தினமும் அந்தச் சாலையில் நடந்ததைப் பார்த்த பிறகு, அவருடைய இறையியலில் எனக்குக் குறை இருந்தாலும் அவருடைய சபையில் செயலாளராக இருப்பதில் குறை தோன்றவில்லை. அவர் கூட்டங்களுக்கு வெளியூர் போகிற நாட்களில் நான் போனேன்.

“பாஸ்டர் வந்தா வசனம், நீங்க வந்தா அரசாணை” என்று அந்த மனிதர் ஒரு நாள் சொன்னார். “ரெண்டையும் கேட்டு முடிக்கிறதுக்குள்ள வீடு வந்துருது. குடிக்க எங்கய்யா நேரம்?”

மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை வரவில்லை. முப்பது நாளில் பதில் வரவில்லை. முதல் நினைவூட்டு அனுப்பினேன், இரண்டாவது அனுப்பினேன், தகவல் கேட்டு ஒரு கடிதம் போட்டேன். மழை வந்து கண்மாயில் முழங்கால் தண்ணீர் நின்று வற்றியது. கிறிஸ்துமஸ் வந்தது. அந்த மனிதர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு சபைக்குள் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பாஸ்டர் அவரைக் கவனிக்காதது போலவே பிரசங்கத்தை முடித்தார். அது எவ்வளவு சிரமம் என்று அவருடைய பிரசங்கங்களைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

இந்த வருடம் தவக்காலத்தின் கடைசி வாரத்தில் பாஸ்டர் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில் தியானக் கூட்டத்துக்குப் போயிருந்தார். எனக்கு முழங்கால் வீக்கம். பாஸ்டர் சாயந்தரத்துக்குள் திரும்பிவிடுவார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் போவேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஆறே காலுக்குப் போன் செய்தபோது அவர் இன்னும் திருச்சுழியிலேயே இருந்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். என் வீடும் கடையைத் தாண்டி ஊருக்குள்தான் இருக்கிறது. வாசலில் அந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார். தலையில் பஞ்சுத் தூசி, கையில் ஒரு பழுப்பு உறை.

“சபை பூட்டிக் கெடக்குன்னு தபால்காரரு எங்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. உங்களுக்குத்தான்.”

“யார் கூடப்பா வந்த?”

“லெட்டரு கூடத்தான்.”

மனைவிக்குத் தெரியுமா என்று கேட்டேன். “முன்னாலேயே வீட்டுல தலையக் காட்டிட்டுத்தான் வாரேன். இல்லாட்டி இங்கயும் மாவுக் கையோட வந்து நிப்பா” என்றார்.

உறையைப் பிரித்தேன். மனு பரிசீலிக்கப்பட்டது. பதிவேடுகளின்படி மேற்படி கட்டடம் குடியிருப்பு வீடு. வழிபாட்டுத் தலம் அல்ல. எனவே தூர விதி பொருந்தாது, கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல. இணைப்பாக, அந்தக் கட்டடத்துக்கு அன்று கொடுத்த விண்ணப்பத்தின் நகல். அழகான கையெழுத்து, என்னுடையதுதான். சட்டப்படி அந்தப் பதிலில் குற்றம் சொல்ல ஒரு வரி இல்லை. உறையைத் திருப்பினேன். பெறுநர் முகவரியில், ‘செயலாளர், கிறிஸ்தவ ஆலயம்’ என்று அவர்களே தட்டச்சு செய்திருந்தார்கள். மேல்முறையீட்டுக்கு அது போதும்.

“என்னய்யா, கடைய எடுக்குறாகளா?”

“இப்ப இல்லப்பா. இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.”

“ஆகட்டும்யா. அவசரமில்ல” என்று சொல்லிவிட்டு, தலையில் இருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே தெருவில் தனியாக நடந்து போனார்.

நான் உள்ளே போய்ச் சபையின் தபால் பதிவேட்டை எடுத்தேன். கொண்டுவந்தவர் என்ற இடத்தில் அவர் பெயரை முழுதாக எழுதினேன். பெறப்பட்ட நாள்: பெரிய வியாழனுக்கு முந்தைய செவ்வாய், மாலை ஆறு இருபது.